கொம்பூதியின் சிவப்பு பூட்ஸ்

அத்தியாயம் 4

"முதல்ல பூட்ஸைக் கழட்டுங்க," என்றார் பல் டாக்டர்.

நாங்கள் யார் என்று கேட்கவில்லை. எதற்கு வந்தோம் என்றும் கேட்கவில்லை. கதவோரம் ஒரு கூடை. அதில் விருந்தாளிகளுக்கான கம்பளிச் செருப்புகள். எங்கள் போஸ்னான் நகரத்தில் கொலைகாரனே வந்தாலும் வாசலில் பூட்ஸைக் கழற்றி, கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போய்க் குத்த வேண்டும். எனக்குக் கிடைத்தது ஊதா நிறத்தில் பூ போட்ட ஜோடி. துப்பறியும் தொழிலின் கம்பீரம் கணுக்காலோடு முடிந்துபோனது.

நாங்கள் மூன்று பேர்.

முன்னால் பெனிக்னா காவ்ரோன். ட்ராம் கம்பெனியின் தொலைந்த பொருள் அறையில் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவர். குடை, பல்செட், ஒரு முறை ஒரு மாப்பிள்ளை என்று எதையும் உரியவரிடம் சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையைக் கட்டணத்தோடு செய்கிறார். கொலை, கள்ளக்காதல் வழக்குகளை எடுப்பதில்லை. "அதுல எல்லாம் யாரும் எதையும் தொலைக்கல, தூக்கிப் போட்டிருக்காங்க" என்பார்.

நடுவில் நான், தோபியாஷ். தத்துவம், மூன்றாம் ஆண்டு. அதாவது வேலையில்லாதவன், ஆனால் ஏன் இல்லை என்று விளக்கத் தெரிந்தவன்.

கடைசியில் லெஷெக் ட்ரேவ்னியாக். வயது நாற்பத்தெட்டு, பேக்கரிக்காரர். கையில் காகிதப் பை. பையில் மார்ட்டின் திருநாளுக்கான பிறைவடிவ ரொட்டிகள். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று கொண்டுவந்திருந்தார். வருடத்திலேயே அவருக்கு மூச்சுவிட நேரமில்லாத வாரம் இது. அந்த வாரம் பார்த்து அவருடைய அம்மா இறந்திருந்தார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்குப் பெட்டியை மூடுவாங்க," என்று வண்டியில் வரும்போது நான்காவது முறையாகச் சொல்லியிருந்தார். "அதுக்குள்ள அவன் அம்மா கைக்கு வந்தாகணும்."

அவன் என்பது ஒரு பிளாஸ்டிக் சிப்பாய். சுண்டுவிரல் உயரம். 'ஜன்னல்ல நிக்கிறவனை என் கையில வெச்சு அனுப்புடா' என்பதுதான் ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாகச் சொன்னது. லெஷெக் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் ஜன்னல் இருந்தது, அவன் இல்லை. அக்டோபரில் ஜன்னல் மாற்ற ஆள் வந்தபோது, பலகைமேல் இருந்ததையெல்லாம் லெஷெக்கே ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மாடிப்படியில் வைத்திருந்தார். படியில் வைத்தால், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். எங்கள் ஊர்ச் சட்டம் அது. யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

பழைய இறைச்சிக்கூடத்துப் பழஞ்சாமான் சந்தையில் ஒரு கடைக்காரிக்கு நினைவிருந்தது. "சிப்பாயா? எல்லாத்தையும் தூண்டில் சாமான் பெட்டியோட வர்ற பல் டாக்டர் அள்ளிட்டுப் போயிட்டாரே. ஒவ்வொருத்தன் வாயையும் திறந்து பார்க்காத குறைதான்."

அந்த டாக்டர்தான் இப்போது எங்கள் எதிரில் நின்றார். பெயர் செவெரின். நெற்றியில் பூதக்கண்ணாடி.

"சிவப்பு பூட்ஸ் போட்ட கொம்பூதி," என்றேன், குறிப்பேட்டைத் திறந்து. "உயரம் சுண்டுவிரல். நிறம் பச்சை. தொழில் கொம்பு ஊதுவது. பூட்ஸுக்கு நகச்சாயம் பூசியிருக்கும். அடிப்பக்கத்துக்கும்தான். கடைசியாகப் பார்த்த இடம், வில்டா பகுதியில் மூன்றாம் மாடி ஜன்னல்."

"சாயம் பூசினவன் எவனும் இந்த வீட்டுல கிடையாது," என்றார் டாக்டர். "ஆனா கொம்பூதி இருக்கான். வாங்க."

உள்ளறையில் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. ஒரே சிப்பாய், ஒரே கொம்பு, ஒரே உப்பிய கன்னம். வரிசையாக நாற்பத்தொரு பேர். பச்சை, நீலம், ஒருவன் ஆரஞ்சு.

"அடேயப்பா," என்றேன். "போலீஸ் அணிவகுப்பே நடத்தலாம் போலிருக்கே."

"எல்லாம் நம்ம நாட்டுச் சரக்கு," டாக்டரின் குரலில் பெருமை. "அந்தக் காலத்துல வெளிநாட்டுல இருந்து எவனோ ஒருத்தன் ஒரு பொம்மை கொண்டுவருவான். கூட்டுறவுப் பட்டறைக்காரன் அதையே அச்சுல அமுக்கி நகல் எடுப்பான். அச்சுல இருந்து வெளிய வந்து ஆறினதும் பிளாஸ்டிக் கொஞ்சம் சுருங்கும். அந்த நகலை இன்னொரு பட்டறைக்காரன் அமுக்குவான், இன்னும் கொஞ்சம் சுருங்கும். இதோ, இந்தக் கோடியில இருக்கறவன் பேரன். முகத்துல மூக்கே இல்ல பாருங்க."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்," என்றேன். "தாத்தா ஆறடி."

பெனிக்னா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் என் நகைச்சுவைக்குத் தரும் அதிகபட்ச மரியாதை அதுதான்.

"மூலம் எங்க?" என்று கேட்டார்.

டாக்டரின் முகம் தொங்கிப்போனது. "அதான் இல்ல மேடம். நாப்பத்தொரு பிள்ளைங்க இருக்காங்க, அப்பனைக் காணோம். முப்பது வருஷமாத் தேடறேன். இங்கிலாந்துல செஞ்சது. இவங்களைவிட ரெண்டு மில்லிமீட்டர் உசரம். அடியில கம்பெனி எழுத்து இருக்கும்."

"எங்க ஒலெக்கோடது இங்கிலாந்துல இருந்து வந்ததுதான்," என்றார் லெஷெக் மெதுவாக. "என் அண்ணன். அவனோட ஞானத்தந்தை எங்க மாமா. போருக்கப்புறம் அங்கேயே தங்கிட்டாரு. ஒலெக்கோட முதல் நற்கருணைக்கு அனுப்பினது. ஞானப்பிள்ளைக்கு மட்டும்தானே அனுப்புவாங்க. அதனால ஒண்ணே ஒண்ணு."

"அப்படின்னா உங்காளு இங்க இல்ல," டாக்டர் கையை விரித்தார். "இங்க எல்லாம் குட்டையனுங்க. அளந்து பார்த்துட்டேன்."

தடயம் செத்தது. குறிப்பேட்டில் அதை எழுதிவிட்டு ரொட்டிப் பையை ஆவலோடு பார்த்தேன். பெனிக்னாவோ மூக்கை உறிஞ்சினார். பாதாம் வாசனை லெஷெக்கிடமிருந்து. இன்னொரு வாசனை, காட்டமாக, அலமாரிக்குக் கீழே இருந்த மூடிபோட்ட ஜாடியிலிருந்து. ஜாடியில் இருந்த திரவம் இளஞ்சிவப்பு.

"டாக்டர், சாயம் பூசினவன் வந்தா என்ன செய்வீங்க?"

"ஊறப்போடுவேன். அசிட்டோன். அப்புறம் பல் தேய்க்கிற பிரஷ். வந்த அன்னிக்கே எல்லாரையும் ஒரே ஜாடியில. பசங்க கண்டதைப் பூசி வெச்சிருப்பாங்க மேடம். அழுக்கு! சுத்தம் பண்ணாத்தான் அச்சோட நுணுக்கம் தெரியும்."

லெஷெக் சுவரைப் பிடித்துக்கொண்டார். "சிவப்பைக் கழுவிட்டீங்களா?"

டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. எதிரில் நிற்பவருக்குப் பல்லைத் தவறாகப் பிடுங்கிவிட்டோம் என்று தெரிந்த டாக்டரின் முகம். "எனக்கு எப்படிங்க தெரியும்..."

"சந்தையில நீங்க வாங்கினவன் இதுல யாரு?" என்று கேட்டார் பெனிக்னா.

"தெரியல. சுத்தமாயிட்டா எல்லாரும் ஒண்ணுதான்."

நாற்பத்தொரு பேரும் எங்களைப் பார்த்து ஓசையில்லாமல் கொம்பு ஊதினார்கள்.

"மேடம்," என்றேன், "லெஷெக் சார் சொல்ற ஆளு உசரமானவன். இங்க உசரமானவனே கிடையாது. அப்புறம் யாரைத் தேடறது?"

"நாம உசரமானவனைத் தேடல," என்றார் பெனிக்னா. "தேடறதே நகலைத்தான். லெஷெக் சாரு மொத நாளே சொல்லிட்டாரு, உனக்குத்தான் கேக்கல. ஒரு பையன் பூட்ஸுக்குச் சிவப்பு பூசுவான். அழகு. யாருமே பார்க்காத அடிப்பக்கத்துக்கு ஏன் பூசணும்? அங்க எதையாவது மறைக்கணும்னாத்தான்."

லெஷெக் ரொட்டிப் பையின் வாயை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"விளக்கைப் போடுங்க டாக்டர். பல் பார்க்கற விளக்கு."

வெள்ளை வெளிச்சம் அணிவகுப்பின்மேல் நகர்ந்தது. பெனிக்னா முதலில் நீலங்களை ஒதுக்கினார், ஆரஞ்சுக்காரனுக்கு விடுதலை. பச்சையில் பதினேழு பேர் மிஞ்சினார்கள்.

"நாப்பது வருஷம் ஜன்னல்ல நின்னவன் வெளுத்திருப்பான்," என்று முணுமுணுத்தார். மூன்று பேர் முன்னால் வந்தார்கள். மூவருக்கும் முகம் பட்டாணிக் கஞ்சி நிறத்துக்கு வெளிறியிருந்தது.

"இனி?" என்றேன்.

"சாயம் போச்சு. சாயம் மூடியிருந்த இடம் எங்க போகும்? வெயில் அங்க படலையே."

நான் குனிந்து பார்த்தேன். இரண்டு பேர் தலைமுதல் கால்வரை வெளிறியிருந்தார்கள். மூன்றாமவன் முழங்கால்வரைதான் வெளிறியிருந்தான். அதற்குக் கீழே இன்று அச்சிலிருந்து எடுத்ததுபோல் கரும்பச்சை. சிவப்பு பூட்ஸ் போயிருந்தது; அதன் நிழல் போகவில்லை.

"முதுகும் பச்சையாவே இருக்கு," என்றார் பெனிக்னா, அவனை விரலில் திருப்பி. "வெளுத்தது முகம்தான். வீட்டுக்கு முதுகைக் காட்டிட்டு, வெளிய பார்த்துட்டே நின்னிருக்கான். வெளிய என்ன?"

"முற்றம்," என்றார் லெஷெக். "கம்பளம் தட்டுற இரும்புச் சட்டம். அதுல தலைகீழாத் தொங்கும்போதுதான் ஒலெக் விழுந்தான். எழுந்து வந்து சூப்பெல்லாம் குடிச்சான். மூணாம் நாள் போயிட்டான். அவனுக்குப் பத்து. எனக்கு எட்டு."

அறையில் ஜாடி வாசனை மட்டும் இருந்தது. நான் குறிப்பேட்டை மூடினேன், தத்துவத்தையும்தான். இதைக் கல்லூரியில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பெனிக்னா கொம்பூதியைக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில், சூடான ஊசியால் கோணலாகக் கீறிய ஓர் எழுத்து. எல்.

"இது லெஷெக்கா, ஒலெக்கா?"

லெஷெக் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். வெளியே எடுத்ததை மேஜைமேல் வைத்தார். அதே கொம்பு. அதே கன்னம். உதிர்ந்துபோன சிவப்பு பூட்ஸ். மேஜைமேல் பக்கத்தில் நின்றபோது எங்கள் ஆளைவிடக் கொஞ்சம் உயரம்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுதான் ஒலெக்கோடது," என்றார் லெஷெக். "மாமா எனக்கு அனுப்பலைன்னு நான் அழுதேன். அம்மா தெருமுனைக் கடையில நகல் ஒண்ணு வாங்கிக் குடுத்தாங்க. சண்டை வரக் கூடாதுன்னு ஊசியைக் காய்ச்சி என் எழுத்தைப் போட்டாங்க. ஒலெக் மாடிவீட்டு அக்காவோட நகச்சாயத்தைத் திருடி அவன் ஆளுக்கு பூட்ஸ் போட்டான். அதே பாட்டிலை நான் திருடி என் ஆளுக்குப் போட்டேன். அடியிலயும் பூசி எழுத்தை மறைச்சேன். மாத்தி வெச்சுட்டேன்."

"அண்ணன் கண்டுபிடிக்கலையா?" என்றேன்.

"உசரம் பார்த்தான். 'லெஷு, என் ஆளு குட்டையாயிட்டான்டா'ன்னான். 'வெந்நீர்ல குளிப்பாட்டினல்ல, சுருங்கிட்டான்'னேன். நம்பிட்டான். அம்மாகிட்ட ஓடிப்போய்க் காட்டினான். 'அம்மா, சுருங்கிட்டான் பாரு'ன்னு. அம்மா சிரிச்சாங்க."

லெஷெக் மேஜைமேல் இருந்த உயரமானவனின் பூட்ஸை விரலால் தடவினார்.

"ஞாயித்துக்கிழமை திருப்பிக் குடுத்துடலாம்னு இருந்தேன். அவன் சனிக்கிழமையே போயிட்டான். அப்புறம் யாருகிட்ட குடுக்கறது? அம்மா என்னோட பொய்யை எடுத்து ஜன்னல்ல வெச்சு நாப்பது வருஷம் ஒலெக்னே நெனைச்சுப் பார்த்துட்டு இருந்தாங்க. நேத்து சவ அறையில இந்த நிஜத்தை அம்மா கையில வெச்சுப் பார்த்தேன். முடியல. யாரோ வெளியாளை வெச்ச மாதிரி இருந்துச்சு. அவங்க கைக்குப் பழகினது அவன். பொய்யா இருந்தாலும் அவனையே குடுத்தனுப்பலாம்னுதான் உங்ககிட்ட வந்தேன். அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாமலே போகட்டும்."

பெனிக்னா தன் கண்ணாடியைத் துடைத்தார். அது அழுக்காக இல்லை.

"டாக்டர், இவன் அடியில இருந்த சாயம் சீக்கிரம் போச்சா?"

"அடியிலயா? அடியில சாயமே இல்லையே. யாரோ ஏற்கெனவே சுத்தமா எடுத்திருந்தாங்க. எழுத்துப் பள்ளத்துல மட்டும் பச்சையா எண்ணெய்ப் பெயிண்ட். அது என் ஊசிக்கே வரல." டாக்டர் விளக்கைத் திருப்பினார். எல் எழுத்தின் மூலையில் நூலாக ஒரு பச்சை; சிப்பாயின் பச்சை அல்ல. "இப்பதான் ஞாபகம் வருது. இவன்தான் என் உசிரை எடுத்தான். மத்தவங்க ஒரே நாள்ல சுத்தமாயிட்டாங்க, இவன் ஒருத்தன் ஆறு நாள் ஊறினான். பூட்ஸ்ல வெங்காயம் மாதிரி அடுக்கு. ஒரு சிவப்பு போனா இன்னொரு சிவப்பு. ரோஜா, செங்கல், செர்ரி... எண்ணியிருந்தா நாப்பதுக்குக் குறையாது."

"ஜன்னல் பலகைக்கு என்ன நிறம் சார்?"

"வெள்ளை," என்றார் லெஷெக். "எப்பவும் வெள்ளைதான். அதுக்கு முன்னாடி... முன்னாடி பச்சை. ஒலெக் போன அடுத்த வருஷம் அப்பா வெள்ளை அடிச்சாரு."



"அப்ப, பலகை பச்சையா இருந்தப்பவே அடியில சாயம் இல்ல," என்றார் பெனிக்னா. "தோபியாஷ், அவங்க அம்மாவோட ஆஸ்பத்திரிப் பையில என்ன இருந்துச்சு? படி."

படித்தேன். "கண்ணாடி. ஜெபமாலை. பாதி பிஸ்கட் பொட்டலம். சிவப்பு நகச்சாயம் ஒன்று, புதிது, திறக்காதது." பட்டியலை எழுதிய அன்று பக்கத்திலேயே ஒரு கிண்டலும் எழுதி வைத்திருந்தேன். அதைப் படிக்கவில்லை.

"அவங்க நகத்துக்குப் பூசிப் பார்த்திருக்கீங்களா?"

"ஒரு நாளும் இல்ல."

"நவம்பர் ஒண்ணாந்தேதி, செத்தவங்களை நினைக்கிற நாள்ல என்ன செய்வாங்க?"

லெஷெக் நிமிர்ந்து பார்த்தார். "கல்லறைக்குப் போய் விளக்கேத்திட்டு வருவோம். வந்ததும் அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்குவாங்க. வருஷா வருஷம். அழறாங்கன்னு நாங்க யாரும் போக மாட்டோம்."

"அழுதும் இருப்பாங்க. எழுத்தைக் கீறினவங்களுக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சுருங்கிட்டான்னு பெரியவன் சொன்னப்பவே திருப்பிப் பார்த்திருப்பாங்க. நீங்களே வந்து குடுப்பீங்கன்னு காத்திருந்திருப்பாங்க. அப்புறம் கேக்கறதுக்கு நேரம் இல்லாமப் போச்சு. சிவப்பு பூட்ஸ் இருக்கறவரைக்கும்தான் இவன் ஒலெக்கோட ஆளு; உதிர்ந்துடுச்சுன்னா உங்க குட்டு வெளிய வந்துடும். அதனால வருஷா வருஷம் பூசினாங்க. இந்த வருஷம் ஆஸ்பத்திரியில இருந்ததால முடியல." பெனிக்னா சிறியவனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "ஜன்னல்ல நிக்கிறவனை வெச்சு அனுப்புன்னாங்கல்ல? யாரு நிக்கிறான்னு தெரிஞ்சேதான் கேட்டிருக்காங்க."

லெஷெக் கம்பளிச் செருப்போடு தரையில் உட்கார்ந்தார். பேக்கரிக்காரர்களுக்குப் பெரிய தோள். அது குலுங்குவதை நான் பார்க்காமல் ஆரஞ்சுக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் இரண்டு கைகளிலும் உறை மாட்டிக்கொண்டு மேஜைமேல் இருந்த உயரமானவனை எடுத்தார். வெர்னியர் அளவுகோலால் அளந்தார். இரண்டு மில்லிமீட்டர் கூடுதல், சரி. அடியில் கம்பெனி எழுத்து, சரி. நாற்பத்தொரு பிள்ளைகளின் அப்பன். அலமாரி எதிரில் ஒரு நிமிடம் அவனைத் தூக்கிக் காட்டினார். பிறகு கொண்டுவந்து சிறியவனோடு சேர்த்து லெஷெக் கையில் வைத்தார்.

"ரெண்டு பேரையும் எடுத்துட்டுப் போங்க."

"உங்களுக்கு இவன் வேணாமா?" என்றேன்.

"வேணும். அதனாலதான் சொல்றேன், சீக்கிரம் போங்க."

எங்கள் ஊர்க்காரன் ஒருவன் ஒரு பொருளைச் சும்மா கொடுத்து அன்றுதான் பார்த்தேன். இரண்டு ரொட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம். கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம். மழை. மலர்வளையங்களுக்குப் பக்கத்தில் நின்று லெஷெக் அம்மாவின் நகச்சாயப் பாட்டிலின் மூடியைத் திருகினார். செர்ரிச் சிவப்பு. கேக்குக்குச் சர்க்கரைப் பாகு வரையும் கை. இடது பூட்ஸ், வலது பூட்ஸ். அடிப்பக்கத்துக்குப் பூசவில்லை.

உயரமானவனை அம்மாவின் கால்மாட்டில் வைத்தார். குழியில் ஒலெக் ஏற்கெனவே இருக்கிறான். ஒரே குடும்பக் குழி. "அம்மா, அவன்கிட்ட குடுத்துடு," என்றார்.

பெட்டி மூடுபவர் மூடியில் கை வைத்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார் லெஷெக். "இன்னும் காயல."

பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் அத்தைமார்கள் என்ன, என்ன என்று கிசுகிசுத்தார்கள். அடுத்த சவ ஊர்வலம் வாசலில் வந்து நின்றது. பெனிக்னா திரும்பி நின்று எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். ட்ராம் கம்பெனி ஜன்னலில், வரிசையைக் கலைத்தவர்களுக்கென்று வைத்திருந்த பார்வை. 

அம்மாவின் விரல்களுக்கு நடுவே கொம்பூதி. சாயம் கொஞ்சம் வழிந்து ஒரு நகத்தின்மேல் பட்டிருந்தது. துடைப்பதற்கு நான் கைக்குட்டையை நீட்டினேன். லெஷெக் வேண்டாம் என்று தலையசைத்தார்.

பிறகு பெட்டியின்மேல் குனிந்து, கன்னம் உப்ப, அந்தச் சின்ன பூட்ஸ்மேல் ஊதத் தொடங்கினார். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.